மாமனாரின் கிளாரினெட்டுக்குச் சுருதி பார்த்த கதை

ஊதுகிற வாத்தியங்களுக்குச் சுருதி பார்த்துக் கொடுக்கும் என் தொழிலில், வாத்தியத்தில் கோளாறு என்று வந்தவர்கள் ஏராளம். தன் வாயில் கோளாறு என்று வந்தவர் இன்றுவரை ஒருவர்கூட இல்லை. அடுத்தவர் கெடுத்ததைத் திருத்திக் கொடுத்து, அதற்கும் பேச்சு வாங்கிப் பிழைக்கிற போன் கடைக்காரர்களே, தையல்காரர்களே, மோட்டார் சைக்கிள் திருத்தும் பாஸ்மார்களே, இது உங்களுக்காக எழுதுவது. மற்றவர்கள் படித்தாலும் பாதகமில்லை.

பதுளை பஸ் நிலையத்திலிருந்து இறங்கி வரும் தெருவில் பளீல் நானாவின் ஹாட்வெயார் கடை இருக்கிறது. உள்ளே நுழைந்தால் ஒரு பக்கம் ஆணி, ஒரு பக்கம் பெயின்ட், நடுவில் நானா. கடையின் கோடியில், குழாய்ச் சாமான்களுக்கும் சீமெந்து மூட்டைகளுக்கும் இடையில் ஒரு மேசையைப் போட்டு உட்கார்ந்திருப்பவன் நான். கிளாரினெட், சாக்சபோன், புல்லாங்குழல், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஊதும் ரெக்கோடர் எல்லாம் பார்ப்பேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எனக்கு ஒரு பாட்டும் வாசிக்க வராது. ஒவ்வொரு சுரமாக ஊதச் சொன்னால் சுத்தமாக ஊதுவேன். நான்கைச் சேர்த்து ஊதினால் எனக்கே சகிக்காது.

இந்தக் குறை என் கல்யாணத்தில் வந்து நின்றது. என் மனைவி சுகந்தியின் அப்பா வேலாயுதம், நமுனுகுலப் பக்கத்துத் தோட்டமொன்றில் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். கோயில் பாட்டுக் கோஷ்டியில் அவர்தான் கிளாரினெட். பெரியப்பாவை அழைத்துக்கொண்டு நான் பெண் கேட்டுப் போனபோது, அவர் தன் கிளாரினெட்டை என் கையில் கொடுத்து, "ஒரு பாட்டு வாசிங்க, கேப்போம்" என்றார். நான் சாவி சாவியாக அமுக்கி, ஒவ்வொரு சுரமாக ஊதிப் பார்த்துவிட்டு, "மேல் சாவியில காத்து போவுதுங்க" என்றேன். பெரியப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். தேத்தண்ணி வராமலே நாங்கள் எழுந்து வந்தோம்.

பிறகு நானும் சுகந்தியும் பதிவுத் திருமணம் செய்துகொண்டோம். மாமா எங்கள் இருவரோடும் பேச்சை நிறுத்திவிட்டார். மகள் பிறந்தாள், தவழ்ந்தாள், நடக்கவும் ஆரம்பித்துவிட்டாள். காது குத்த வேண்டும். "அப்பா வந்தாத்தான் காது குத்து. இல்லாட்டி புள்ள இப்பிடியே பள்ளிக்கூடம் போவட்டும்" என்று சுகந்தி சொல்லிவிட்டாள். ஆகவே இனி நீங்கள் படிக்கப்போவது சுருதியைப் பற்றித்தான் என்றாலும், அது நேரானால்தான் ஒரு குழந்தைக்குத் தோடு என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நடுவில் ஒரு முதலாளி

தோட்டத்துக் கோயில் திருவிழா நெருங்கிய நேரம். ஒரு நாள் காலையில் தலை நிமிர்ந்து பார்க்கிறேன், நானாவின் முன்னால் மாமா நிற்கிறார். பேத்தியைப் பார்க்கத்தான் வந்துவிட்டாரோ என்றுகூட நினைத்தேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை. கிளாரினெட் பெட்டியை ஆணித் தராசுக்குப் பக்கத்தில் வைத்தார். கண்டியில் இன்னொருவர் இந்த வேலை பார்க்கிறார்தான். ஆனால் போய்வர நாள் இல்லை.

"முதலாளி, கோயிலுக்குப் புதுசா கீபோட் வாங்கியிருக்காங்க. அதோட சேந்து ஊதுனா நம்மளது எறங்கி நிக்குது. அவருகிட்ட குடுத்து என்னான்னு பாக்கச் சொல்லுங்க."

நானா என் பக்கம் திரும்பி, "தம்பி, எறங்கி நிக்குதாம்" என்றார். ஊதும் வாயில் அதிரும் நாணல் சீவலை நினைத்து நான், "ரீட் எப்ப மாத்துனதுன்னு கேளுங்க நானா" என்றேன். "ரீட் எப்ப மாத்தினதாம்?" "போன திருவிழாவுக்கு மாத்துனதுன்னு சொல்லுங்க." இதற்கிடையில் நானா ஒருவருக்குக் குழாய் மூட்டு விற்றுக்கொண்டிருந்தார். அந்த மனிதர் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, எனக்கு ரீட் வேண்டாம் என்று பயந்துபோய்ச் சொன்னார்.

ஊதிப் பார்த்தேன். சுருதி கச்சிதமாக இருந்தது. போனில் இருக்கும் சுருதிக் கருவியும் சரியென்று பச்சை காட்டியது. "இங்க சரியாத்தான் இருக்குன்னு சொல்லுங்க நானா" என்றேன். மாமா கடையின் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு சொன்னார்: "முதலாளி, பஸ்ஸு மேல ஏற ஏற இது கீழ எறங்குதுன்னு சொல்லுங்க."

சூடு காட்டியது

அவர் சொன்னது உண்மை. குளிரில் ஊதுகுழல் வாத்தியம் எதுவானாலும் சுருதி இறங்கும். பதுளையில் சட்டையைக் கழற்றிவிட்டு உட்காரலாம் போலிருக்கும். நமுனுகுலவுக்கு ஏறினால் கம்பளிச் சட்டையைப் போட வேண்டும். கீபோட்டுக்குக் குளிரும் தெரியாது, வெயிலும் தெரியாது. அதனால் கிளாரினெட் மட்டும் தனியாக இறங்கி நிற்கும். நான் நானா மூலமாகச் சொல்லி அனுப்பினேன்: "ஊதுறதுக்கு முன்னால கொஞ்சம் சூடு காட்டணும்."

நான் நினைத்தது, கோட்டுக்குள் வைத்துக்கொண்டு நாலு தடவை மெதுவாக ஊதுவதை. ஆனால் கேட்டவர் தேயிலைத் தொழிற்சாலைக்காரர். ஈரமாக, குளிராக வருகிற எதையும் காயவைக்க அவருக்கு ஒரே இடம்தான் தெரியும். கொழுந்து காய்கிற டிரையரின் வாய்க்குப் பக்கத்தில், இரும்புத் தட்டில், ஒரு வேலை நேரம் முழுக்கக் கிளாரினெட்டை வைத்திருக்கிறார். திரும்பி வந்தபோது, சாவிகளின் அடியில் ஒட்டியிருந்த பேட்கள் பசை உருகி இடம் பெயர்ந்திருந்தன. ஓட்டைகளில் எல்லாம் தேயிலைப் பஞ்சு. மரம் பிளக்காமல் இருந்தது அம்மன் செயல். பெட்டியைத் திறந்ததும் கடை முழுக்க வாசம் பரவியது. நானா மூக்கை உறிஞ்சி, "முதல் தரத் தூள் தம்பி இது, கடைக்கு வார தூள் இல்ல" என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. மாமனார் என்றும் பார்க்கவில்லை. "வாத்தியத்த அடுப்புல வைக்கச் சொல்லி யாரு சொன்னதுன்னு கேளுங்க நானா!" என்று சத்தம் போட்டேன். மாமா அசையவில்லை. ஆணித் தராசைப் பார்த்தபடி நிதானமாகச் சொன்னார்: "முதலாளி, சூடு காட்டச் சொன்னாரு, காட்டுனேன். எத்தன டிகிரின்னு அவரு சொல்லல."

மொனராகலை வைத்தியம்

மாமாவின் பேட்களை நான் மாற்றிக்கொண்டிருந்த அதே வாரம், மொனராகலையிலிருந்து ஒரு சாக்சபோன்காரர் வந்தார். கல்யாண வீடுகளில் பேண்ட் வாசிப்பவர். மற்ற நாட்களில் ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுப்பவர். சாக்சபோனில் காற்று ஒழுகி, மேல் சுரங்கள் எல்லாம் பிசகி வருவதாகவும், தானே கொஞ்சம் வைத்தியம் பார்த்திருப்பதாகவும் சொன்னார். தானே வைத்தியம் பார்த்தேன் என்று ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னால், நம் வேலை இரட்டிப்பாகிவிட்டது என்பது நமக்குத்தான் தெரியும்.

பையைத் திறந்தேன். மனிதர் பேட்களைச் சுற்றி ரப்பர் பாலை ஊற்றி, உறைய வைத்திருக்கிறார். சாவிகள் மூடியது மூடியபடி, திறக்கவே இல்லை. ஒரு பூரான் வேறு உள்ளே சிக்கி, ரப்பரோடு ரப்பராகிவிட்டது. நான் ஊதினேன். அடி வயிற்றிலிருந்து ஊதினேன். ஒரே ஒரு சத்தம் வந்தது, மாடு ஒன்று தொலைவில் கூப்பிடுவது போல. என்ன இது என்று கேட்டேன். அவர் முகத்தில் கொஞ்சம்கூடக் கவலை இல்லை. "ஒழுகல் நின்னுருச்சு பாத்தீங்களா? பாதி வேல முடிஞ்சிருச்சு, மிச்சத்த மட்டும் நீங்க பாருங்க."

பின்வரிசைப் பிள்ளைகள்

ஹல்துமுல்லைப் பக்கத்துப் பள்ளிக்கூடமொன்றிலிருந்து ஒரு டீச்சர், இரண்டு மாணவிகளோடும் ஒரு சாக்கு நிறைய ரெக்கோடர்களோடும் வந்தார். அவருடைய குழுவில் பாதிப் பிள்ளைகளுக்கு ஒரே ஒரு சுரம் மட்டும் எப்போதும் ஏறி நிற்கிறதாம். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை, காது சரியில்லாத பிள்ளைகள் என்று அவர்களைப் பின்வரிசையில் நிறுத்திவிட்டாராம். அழைத்து வந்திருந்த இருவரும் பின்வரிசைதான். கையைக் கட்டிக்கொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

ரெக்கோடர்களைத் திருப்பிப் பார்த்தேன். முதுகில், கட்டைவிரல் ஓட்டைக்குப் பக்கத்தில், ஒரு சின்ன எழுத்து இருக்கும். ரெக்கோடரில் இரண்டு சாதி உண்டு. பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் அந்த ஒரு சுரத்துக்கு மட்டும் விரல் வைக்கும் முறை வேறு. பள்ளிக்கூடம் இரண்டு கடையில் வாங்கியதில் இரண்டும் கலந்துவிட்டன. டீச்சர் எல்லோருக்கும் ஒரே விரலைச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். நான் அந்த இரண்டு பிள்ளைகளிடமும் ஒரு விரலை மாற்றி வைக்கச் சொன்னேன். ஊதினார்கள். சுரம் சுத்தமாக வந்து நின்றது.

டீச்சர் நல்ல மனுஷி. முகம் சிவந்து, "ஐயோ பாவம், நான் இவங்கள எவ்வளவு ஏசியிருப்பேன்" என்று பிள்ளைகளின் தலையைத் தடவினார். அதில் சின்னவள் தடவுகிற கையைத் தள்ளிவிட்டு நிமிர்ந்து கேட்டாள்: "டீச்சர், அப்ப முன்வரிசையில நிக்கிறவங்கள எப்ப பின்னுக்குப் போடுவீங்க?"

கை தூக்கித் தீர்மானித்த சுருதி

பேட் மாற்றி, ஓட்டைகளில் அடைந்திருந்த தேயிலைப் பஞ்சையும் சுரண்டி எடுத்த பிறகு, கிளாரினெட் முன்னைவிட நன்றாகவே இருந்தது. ஆனாலும் மலையில் சுருதி ஒரு பொடி குறைந்ததாம். இந்த முறை மாமாவோடு கோயில் கமிட்டியே வந்து இறங்கியது. முன்னால் தலைவர் முத்தையா. அவர் தோட்டத்துத் தொழிற்சங்கத்துக்கும் தலைவர், கோயிலுக்கும் தலைவர். அவருக்குப் பக்கத்தில், பதுளையில் போன் கடையில் வேலை பார்க்கும் தினேஷ். கீபோட் வாசிப்பது அவன்தான்.

தினேஷ் தன் போனில் சுருதி காட்டும் செயலியைத் திறந்து மேசைமேல் வைத்தான். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். நான் ஊத வாய் வைக்கும் முன்பே பச்சை எரிந்தது. நானா வாசலில் யாருக்கோ சாவி வெட்ட மிசினை ஓட்டிக்கொண்டிருந்தார், போன் கேட்டது அந்தச் சத்தத்தை. "சாவி மிசின் சரியாத்தானே இருக்கு?" என்றார் தலைவர் ஆச்சரியத்தோடு.

நான் ஒரு வழி சொன்னேன். கீபோட்டில் ஒரு பொத்தானை அமுக்கினால் அதன் சுருதியைக் கொஞ்சம் இறக்கலாம். அரை நிமிட வேலை. கமிட்டி கொதித்துவிட்டது. தோட்டத்து ஜனங்கள் அத்தனை பேரும் சம்பளத்தில் பிடிக்கச் சொல்லி வாங்கிய கீபோட். அதை ஒரு ஆளுக்காக இறக்குவதா? பொதுச் சொத்தல்லவா? இதற்குள் தினேஷ், "இதுலயே கிளாரினெட் சத்தம் இருக்குங்க தலைவரே, ஒரு பட்டன்தான்" என்று போனில் பதிவு செய்து வைத்திருந்ததைப் போட்டுக் காட்டினான். மாமாவின் முகம் சுருங்கிப் போனது. அதுவரை எனக்கு அவர்மேல் இருந்த எரிச்சல் எல்லாம் அந்த முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது. இந்தத் திருவிழாவில் சுருதி சேராவிட்டால் அவருக்கு மேடையில் இடமில்லை. அப்படி ஒன்று நடந்தால், கெடுத்தவன் பதுளை மருமகன் என்றுதான் காலம் முழுக்கச் சொல்வார். சுகந்திக்கு அப்பா வீடு அத்தோடு சரி.

தலைவர் தொண்டையைச் செருமினார். சங்கத்தில் எப்படியோ அப்படியே, இதற்கும் கை தூக்கித் தீர்மானம் எடுப்போம் என்றார். கிளாரினெட்தான் ஏறி வர வேண்டும் என்பவர்கள் கை தூக்கலாம் என்று சொல்லி, தன் கையை முதலில் தூக்கினார். ஆணி மூட்டைகளுக்கும் பெயின்ட் வாளிகளுக்கும் நடுவில் கைகள் உயர்ந்தன. கடைசியில், பின்னால் நின்ற மாமாவின் கையும் உயர்ந்தது. அதற்குமேல் என்ன பேச்சு? தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. மற்றவர்கள் தேத்தண்ணிக் கடைக்குப் போன பிறகு, என்ன இப்படிச் செய்துவிட்டீர்கள் என்று நானா அவரிடம் கேட்டார். மாமா தன் கையைத் தானே பார்த்துக்கொண்டு சொன்னார்: "தலைவரு தூக்குனாரு, நானும் தூக்கிட்டேன் முதலாளி. எதுக்குன்னு பொறகுதான் வெளங்குச்சு."

கோழிகளுக்கு ஊதிக் காட்டியது

கிளாரினெட்டில் வாய் வைக்கும் துண்டுக்கு அடுத்தபடியாக ஒரு குட்டித் துண்டு இருக்கும். பெரல் என்போம். அதை வெளியே இழுத்தால் சுருதி இறங்கும், உள்ளே தள்ளினால் ஏறும். மாமாவுடையது தள்ளும் வரை தள்ளியாகிவிட்டது. இனி அந்தத் துண்டையே குட்டையாக்க வேண்டும். அதாவது அறுக்க வேண்டும். மாமனார் சொத்தில் ரம்பம் வைக்கிற துணிச்சல் எனக்கு இல்லை. என்னிடம் கிடந்த பழைய கிளாரினெட் ஒன்றின் பெரலை எடுத்து அறுத்தேன், தேய்த்தேன், மாமாவுடையதில் மாட்டி ஊதினேன், மறுபடியும் தேய்த்தேன்.

ஆனால் எவ்வளவு தேய்ப்பது? பதுளை வெக்கையில் ஊதிப் பார்த்து என்ன பயன்? நமுனுகுலக் குளிர் வேண்டும். தெருக்கோடியில் ரிஸ்வானின் கோழிக்கடை இருக்கிறது. பின்னால் ஆள் நுழையக்கூடிய குளிர் அறை. கெஞ்சிக் கேட்டு உள்ளே போனேன். இரண்டு பக்கமும் உரித்த கோழிகள் தொங்க, நடுவில் நின்று ஒவ்வொரு சுரமாக ஊதினேன். பல் கிட்டியது. வெளியே வந்து தேய்ப்பது, உள்ளே போய் ஊதுவது என்று பகல் போனது. கோழி வாங்க வந்தவர்கள், உள்ளே என்ன சத்தம் என்று கேட்டுவிட்டுக் கொஞ்சம் தள்ளி நின்றார்கள்.

கடைசியில் அந்தக் குளிரிலும் சுருதி இம்மி பிசகாமல் நின்றது. சந்தோஷத்தில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டே இன்னொரு முறை முழுவதும் ஊதினேன். பாராட்டு வரும் என்று ரிஸ்வானின் முகத்தைப் பார்த்தேன். அவன் கத்தியைத் தீட்டியபடி சொன்னான்: "ஊதி முடிஞ்சா கதவச் சாத்துங்க அண்ணே, கோழியெல்லாம் வேர்க்குது."

பூக்குழிக்குப் பக்கத்தில்

திருவிழாவுக்குப் போயே ஆக வேண்டும் என்றாள் சுகந்தி. "அவரு பேசாட்டி போறாரு. நான் அம்மனப் பாக்கப் போறேன்" என்று மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். மத்தியானம் போய்ச் சேர்ந்தோம். பனி மூட்டம். மேடையில் மாமா, தினேஷ், டொல்கி மேளம் அடிப்பவர். அம்மன் பாட்டு ஒலிபெருக்கியில் மலை முழுக்கக் கேட்டது. கிளாரினெட்டும் கீபோட்டும் ஒட்டிக்கொண்டு போயின. தலைவர் தலையை ஆட்டி ரசித்தார். நான் கூட்டத்தோடு கூட்டமாக நின்று, நானா மூலம் மாட்டிக் கொடுத்த என் பெரலை நானே மெச்சிக்கொண்டேன்.

மாலையில் தீமிதி. நான் கணக்கில் எடுக்காதது அதுதான். மேடையை ஒட்டியே பூக்குழி. விறகு எரிந்து தணலாகி, அதை வாரிப் பரப்பினார்கள். முன்னால் நின்ற ஜனங்கள் சூடு தாங்காமல் பின்வாங்கினார்கள். மஞ்சள் துணி கட்டியவர்கள் வரிசையாக வந்து நின்றார்கள். முதல் ஆள் தணலில் கால் வைத்த நேரம், கிளாரினெட் ஏற ஆரம்பித்தது. கோழிக்கடைக் குளிருக்கு நான் குட்டையாக்கி வைத்த வாத்தியம் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றால் வேறென்ன செய்யும்? முதலில் எனக்கு மட்டும் கேட்டது. அடுத்தது தினேஷ் நிமிர்ந்து பார்த்தான். அடுத்தது தலைவர். தினேஷின் விரல் மெல்ல அந்தக் கிளாரினெட் சத்தப் பொத்தானின் பக்கம் போனது.

நிறுத்திச் சரி செய்யவும் முடியாது. தணலில் ஆள் நடக்கிறபோது வாத்தியம் நிற்கக்கூடாது என்பது அங்கே கட்டுப்பாடு. நின்றால் நடக்கிறவருக்கு ஆகாது. மாமா உதட்டைத் தளர்த்தி ஊதிப் பார்த்தார். கழுத்து நரம்பு புடைத்து, வியர்வை ஊற்றியது. பெரலைக் கொஞ்சம் வெளியே இழுத்தால் போதும். ஆனால் இரண்டு கையும் சாவிகளில். நான் முண்டியடித்து மேடை ஓரத்துக்குப் போய், கையால் இழுத்து இழுத்துக் காட்டினேன். அவர் வானத்தைப் பார்த்தார். வழக்கமாக இந்த இடத்தில் நானாவிடம் சொல்லி அனுப்புவேன். நானா பதுளையில் ஆணி விற்றுக்கொண்டிருந்தார். டொல்கிக்காரரிடம், "பெரல இழுக்கணும்னு சொல்லுங்க!" என்று கத்தினேன். அவருக்கு அவர் டொல்கியே கேட்கவில்லை.

பாட்டில் ஓர் அடி முடிந்து மூச்சு எடுக்கிற இடைவெளி. மாமா வாயை எடுத்தார். மூன்று வருடத்தில் முதல் தடவையாக என் கண்ணைப் பார்த்தார்.

"என்னடா வேடிக்க பாத்துக்கிட்டு நிக்கிற? வந்து இழுடா!"

நான் எப்படி மேடையில் ஏறினேன் என்று எனக்குத் தெரியாது. அவர் ஊதிக்கொண்டே இருக்க, முகத்துக்கு நேர் முகம் நின்று பெரலைப் பிடித்து, நூலளவு இழுத்தேன். சுருதி இறங்கி வந்து கீபோட்டோடு உட்கார்ந்தது. தினேஷ் கையை எடுத்துவிட்டான். தணலைக் கிளறும்போதெல்லாம் சூடு ஏறியது, நான் இழுத்தேன். காற்று திரும்பிப் பனி அடித்தது, உள்ளே தள்ளினேன். அவர் விரல் ஒரு பக்கம், என் விரல் ஒரு பக்கமாக, கடைசி ஆள் தணலைத் தாண்டும் வரை அந்தப் பாட்டு ஒரு இடத்திலும் பிசகவில்லை. எனக்கு அழுகை வந்தது. பக்கத்தில் புகை இருந்ததால் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

எல்லாம் முடிந்து மேடையை விட்டு இறங்கினோம். சுகந்தி பிள்ளையோடு வந்து நின்றாள். மாமா கிளாரினெட்டை என் கையில் திணித்துவிட்டுப் பேத்தியை வாங்கினார். தூக்கிப் பார்த்தார். "என்னா, புள்ளைக்கு இன்னும் காது குத்தலியா? ஆவணி பொறக்கட்டும், நம்ம கோயில்லயே குத்திருவோம்" என்றார், என்னவோ அதுவரை தடுத்தது நாங்கள் போல. சுகந்தி அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு குலுங்கினாள். அவர் அவள் முதுகைத் தட்டிக்கொண்டே நின்றார். அந்த நேரம் பார்த்துத் தலைவர் முத்தையா வந்தார். நானாவின் கடை மேசைக்குப் பின்னால் என்னைப் பார்த்ததை அவர் மறந்துபோயிருந்தார். "வாத்தியத்துல கை வச்ச இந்தத் தம்பி யாரு வேலாயுதம்?" என்று கேட்டார்.

மாமா கூச்சமே இல்லாமல் சொன்னார்: "நம்ம மருமகன்தாங்க. நல்ல பையன், கொஞ்சம் கோவக்காரரு, மூணு வருசமா எங்கிட்ட பேசாம இருந்தாரு."

வாத்தியம் குளிரில் இறங்கினாலும் குற்றம் நம்முடையது, சூட்டில் ஏறினாலும் குற்றம் நம்முடையது, எல்லாம் சரியாகிவிட்டாலோ இத்தனை நாள் சரியாகாமல் இருந்த குற்றமும் நம்முடையதுதான் என்பதை, தோழர்களே, உங்களுக்கு நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?